சந்தனம் வைத்த ஃப்ரீசர்

எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக ஃப்ரிட்ஜ் வந்தபோது மேனாம்பேட்டில் எங்கள் தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. பார்த்தவர்கள் ஆளுக்கொரு டம்ளர் ஐஸ் தண்ணீர் கேட்டார்கள். நான் கொடுக்கவில்லை. டீச்சரம்மாவுக்குக் கை வராது என்று பேசிக்கொண்டார்கள். பேசட்டும், எனக்கென்ன. உள்ளே ஐஸ் பெட்டியில் என் புருஷன் யார் யாருடைய ரத்தத்தையோ சின்னச் சின்னக் குழாய்களில் அடைத்து அடுக்கி வைத்திருந்ததை நான் எந்த வாயால் சொல்வது? திறந்து காட்டியிருந்தால் அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒருத்தரும் காபி குடித்திருக்க மாட்டார்கள்.

அவர் பெயர் லோகநாதன். ஆவடி பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். போன மாதம் அந்தக் கல்லூரியில் ஒரு ஆய்வுக்கூடத்துக்கு அவர் பெயரை வைத்து விழா எடுத்தார்கள். எந்தக் கிருமியைப் பற்றி எத்தனை கட்டுரை எழுதினார், யார் யார் அவரிடம் படித்து எந்தெந்த நாட்டில் இருக்கிறார்கள் என்றெல்லாம் மேடையில் பேசினார்கள். அவர் பாட்டுக்கு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அட்டெண்டர் பூங்காவனத்தைப் பற்றியும் அந்தப் பழைய ஃப்ரீசரைப் பற்றியும் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. அவர்களுக்குத் தெரியாது, பாவம். எனக்குத் தெரியும், அதனால் நான் எழுதுகிறேன்.

அவருடைய அப்பா ராணுவ டாங்க் ஃபேக்டரியில் வேலை பார்த்தார். ஊர் திருநெல்வேலி என்றாலும் பிள்ளை ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். வலது பக்க வீடு தஞ்சாவூர், இடது பக்க வீடு தர்மபுரி என்று இருந்ததால் அவர் பேச்சில் எந்த ஊர் வாடையும் தங்கவில்லை. நான் மேனாம்பேட்டிலேயே பிறந்து அம்பத்தூரில் தமிழ் டீச்சராக இருந்தவள். வகுப்பில் நல்ல தமிழ் பேசுவேன். கோபம் வந்தால் மேனாம்பேடு வந்துவிடும். இரண்டையும் அவர் நிறையக் கேட்டிருக்கிறார்.

அவரிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதையும் நிச்சயமாகச் சொல்ல மாட்டார். சாம்பாரில் உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டால், "சரின்னுதான் தோணுது" என்பார். மழை வருமா என்றால், "வரலாம்" என்பார். கல்யாணத்துக்கு முன்னால், இரண்டு பேரும் ஆவடி லோக்கல் ரயிலில் வந்து போய்ப் பழகிக்கொண்டிருந்த காலத்தில், என்னைப் பிடித்திருக்கிறதா என்று ஒருநாள் துணிந்து கேட்டேன். "அப்படித்தான் நினைக்கிறேன்" என்றார். அன்றைக்கே கொரட்டூரில் இறங்கிப் போயிருக்க வேண்டும். போகவில்லை, மாட்டிக்கொண்டேன்.

அவர் படித்தது உயிரணுவுக்குள் இருக்கிற டி.என்.ஏ. பற்றிய படிப்பு. எண்பதுகளின் தொடக்கத்தில் அம்பத்தூரில் இதைச் சொன்னால், அது என்ன புது லேத் மெஷினா என்று கேட்பார்கள். அவரோடு படித்தவர்கள் அமெரிக்காவுக்குப் போய் கார் பக்கத்தில் நின்று போட்டோ பிடித்து அனுப்பினார்கள். இவர் சைக்கிளில் கள்ளிக்குப்பத்துக்குப் போய் ரத்தம் வாங்கிக்கொண்டு வந்தார்.

காரணம் ஒரு காய்ச்சல். அப்போதெல்லாம் கள்ளிக்குப்பம் பாதி வயலும் பாதி வீடுமாக இருந்தது. மழைக்காலம் வந்து ஏரித் தண்ணீர் தெருவுக்குள் ஏறினால், பின்னாலேயே அந்தக் காய்ச்சலும் வரும். கண் சிவக்கும். கெண்டைக்கால் இரண்டும் பிடித்து இழுக்கும். பிறகு உடம்பு மஞ்சளாகும். மஞ்சக்காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பார்கள். பிழைக்கிறவர்கள் பிழைப்பார்கள், மற்றவர்கள் போய்விடுவார்கள். எலியின் மூத்திரம் கலந்த தண்ணீரில் நிற்பதால் வருகிற எலிக்காய்ச்சலாக இது இருக்கலாம் என்று இவருக்கு ஒரு சந்தேகம். ரத்தத்தில் துளி கிருமி இருந்தாலும் அதன் டி.என்.ஏ.யை லட்சக்கணக்கில் பெருக்கிக் காட்டுகிற ஒரு முறையை வெளிநாட்டில் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று பத்திரிகையில் படித்திருந்தார். அது நம் ஊருக்கு வரும் வரைக்கும் ரத்தத்தை உறைய வைத்துக் காத்திருந்தால் போதும் என்பது அவர் கணக்கு. அப்படித்தான் என் ஐஸ் பெட்டி பறிபோனது.

எண்பத்தெட்டாம் வருஷத்து மழையில் கள்ளிக்குப்பம் கால்வாயை ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டது. தண்ணீர் வீடுகளுக்குள் புகுந்தது. முனிசிபாலிட்டிக்காரனுக்காகக் காத்திருந்தால் சமையல் பாத்திரம் எல்லாம் மிதக்கும் என்று அந்தத் தெரு ஆண்கள் தாங்களே கால்வாயில் இறங்கினார்கள். முதலில் இறங்கியவன் கஜபதி. கொஞ்சம் சொந்த நிலம், மீதி நேரத்துக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் வேலை என்று இருந்தவன். அவன் பெண்டாட்டிதான் பூங்காவனம். பகல் முழுக்கக் கழுத்தளவு தண்ணீரில் நின்று அந்தக் கொடியை அறுத்துக் கரையேற்றினார்கள். கஜபதியின் அண்ணன் மட்டும் இறங்கவில்லை. கரையில் குடை பிடித்துக்கொண்டு நின்று யோசனை சொன்னார்.

பத்து நாளுக்குள் கஜபதி காய்ச்சலில் விழுந்தான். இவர் கஸ்தூரி சிஸ்டரை அழைத்துக்கொண்டு ரத்தம் எடுக்கப் போனார். கஸ்தூரி, அம்பத்தூரில் ஒரு கிளினிக்கில் நர்ஸ், என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள். அதனால் நானும் கூடப் போனேன். கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்து படுத்திருந்த மனுஷன், ஊசியைப் பார்த்துச் சிரித்தான்.

"இன்னா சார், கொசு குடிச்சது போக மிச்சத்த நீ எடுத்துகினு போறியா?"

அதுதான் அவன் வாயிலிருந்து நான் கேட்ட முதலும் கடைசியுமான பேச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், அங்கேயே போய்விட்டான். ஈரல் கெட்டுப்போனதாக எழுதிக் கொடுத்தார்கள். எங்கள் பக்கத்தில் ஈரல் கெட்டுச் செத்தான் என்றால் ஒரே அர்த்தம்தான். காரியத்தன்றே அவன் அண்ணன் பந்தலில் உட்கார்ந்து, "குடிச்சே அழிஞ்சான் எந்தம்பி" என்று வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். சொன்னவர் வாயிலேயே சாராய வாடை. ஆனால் உயிரோடு இருக்கிறவனை யார் கேட்பார்கள்? செத்தவன் தலையில் கட்டினால் கேட்க ஆளில்லை.

கஜபதி சாராயத்தைத் தொட்டதே இல்லை என்று பூங்காவனம் சொன்னாள். புருஷனை விட்டுக்கொடுக்கிற பெண்டாட்டி யார் என்று ஜனங்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். நான் துக்கம் கேட்கப் போனபோது அந்த வீட்டுச் சுவரில் அவன் படம் இல்லை. கேட்டேன்.

"குடிகாரன்னு பாக்கறவன் கண்ணு படற எடத்துல அவர மாட்ட மாட்டேன் டீச்சரம்மா. பேரு தெளியட்டும்" என்றாள். படத்தைப் பழைய புடவையில் சுற்றி இரும்புப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள்.

கொஞ்ச நாள் கழித்து, தன் பதிமூன்று வயது மகள் ராணியைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"சார், அவரு ரத்தம் உன்கிட்ட கீதா?"

"இருக்கும்மா" என்றார் இவர்.

"அத்தப் பாத்து சொல்லு சார். குடிச்சி செத்தாரா, காச்சல்ல செத்தாரான்னு."

"இப்ப சொல்ல முடியாதும்மா. புதுசா ஒரு முறை வருது. அது கைக்கு வந்ததும் பார்க்கலாம்."

"எப்ப வரும்?"

"வரும்னுதான் நினைக்கிறேன்."

எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அவள் மட்டும் அந்த பதிலைப் பெரிய வாக்குறுதி மாதிரி வாங்கிக்கொண்டு போனாள்.

கல்லூரியில் அட்டெண்டர் வேலை காலியானபோது இவர் பிரின்சிபாலிடம் பேசி அவளைச் சேர்த்துவிட்டார். அடுத்த வருஷமே மத்திய சர்க்கார் உதவியில் ஆய்வுக்கூடத்துக்கு ஒரு பெரிய ஃப்ரீசர் வந்தது. என் வீட்டு ஐஸ் பெட்டியிலிருந்து எல்லாக் குழாய்களையும் எடுத்து, மீன் மார்க்கெட் ஐஸை உடைத்துப் போட்ட பெட்டியில் அடுக்கி ஆட்டோவில் ஏற்றினோம். பெட்டியைக் காலடியில் வைக்க பூங்காவனம் விடவில்லை. மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். புடவையெல்லாம் நனைந்தது.

"இருக்கட்டும் டீச்சரம்மா, அவர மடியில வச்சிகினுதான் போவேன்" என்றாள்.

அன்றைக்கு நான் ஃப்ரிட்ஜைச் சோப்புப் போட்டுக் கழுவினேன், எலுமிச்சம்பழம் போட்டுக் கழுவினேன், மறுபடியும் கழுவினேன். சாயங்காலம் தெருவையே கூப்பிட்டு ஐஸ் தண்ணீர் கொடுத்தேன். டீச்சரம்மாவுக்கு என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டே குடித்தார்கள்.

அந்த ஆய்வுக்கூட நாட்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஏக்கமாக இருக்கிறது. பள்ளிக்கூடம் விட்டதும் லோக்கல் பிடித்து அங்கே போய்விடுவேன். மூன்று வெந்நீர்த் தொட்டிகள் இருக்கும். ஒன்று கொதிக்கிற சூடு, ஒன்று மிதமான சூடு, ஒன்று இரண்டுக்கும் நடுவில். டி.என்.ஏ.யைப் பெருக்குகிற மெஷின் வாங்க வழியில்லாததால், குழாய்களை ஒரு தொட்டியிலிருந்து இன்னொரு தொட்டிக்குக் கையாலேயே மாற்றி மாற்றிப் பழகினார். நடுவில் கரண்ட் போய்விடும். எல்லாத்தையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். ஒரு தடவையாவது சலித்துக்கொள்ள வேண்டுமே, அதுதான் இல்லை. ஜன்னலுக்கு வெளியே ஃபேக்டரி சங்கு ஊதும், சைக்கிள் கூட்டம் போகும், நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து டீ குடிப்போம். அவ்வளவுதான், ஆனால் அது போதுமாக இருந்தது.

கரண்ட் போனால் பூங்காவனம் ஓடுவாள். ஐஸ் கம்பெனியிலிருந்து பாளம் பாளமாக வாங்கி வந்து ஃப்ரீசருக்குள் அடுக்குவாள். வீட்டுக்குக் கிளம்பும்போது ஃப்ரீசர் கதவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். "மெஷினைப் போய்க் கும்பிடுறியே" என்று கேலி செய்தால், "மெஷினயா கும்புடறேன்?" என்பாள்.

தொண்ணூற்று நாலில் ஒருவழியாக எல்லாம் கூடி வந்தது. கிருமியின் டி.என்.ஏ.யைப் பெருக்கத் தேவையான என்சைமைத் தருவதாக ஹைதராபாத்திலிருந்து இவருடைய சிநேகிதர் ஒருவர் சொல்லியனுப்பினார். ஆயுத பூஜை விடுமுறைக்கு முன்னால் இவர் ரயில் ஏறினார். திரும்பி வந்ததும் முதலில் பார்க்கப்போவது கஜபதியின் ரத்தத்தைத்தான் என்று பூங்காவனத்திடம் சொல்லிவிட்டுப் போனார். அவள் காலே தரையில் படவில்லை.

அம்பத்தூர்ப் பக்கம் ஆயுத பூஜை என்றால் தீபாவளியைவிடப் பெரிது. எஸ்டேட்டில் லேத்திலிருந்து லாரி வரைக்கும் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, பூசணிக்காய் உடைப்பார்கள். பொரியும் கடலையும் தெருவெல்லாம் சிதறிக் கிடக்கும். பூஜை போட்ட மெஷினை ஓட்டக் கூடாது. மெயின் சுவிட்சை அணைத்து அதற்கு ஓய்வு கொடுத்துவிட வேண்டும். விஜயதசமி காலையில் கற்பூரம் காட்டித்தான் மறுபடியும் போடுவார்கள். கஜபதி இருந்தவரை பட்டறையில் வருஷா வருஷம் அவன் கையால்தான் அந்த சுவிட்சை அணைப்பான், அவன் கையால்தான் போடுவான்.

வியாழக்கிழமை ஆயுத பூஜைக்குக் கல்லூரி விடுமுறை என்பதால், பூங்காவனம் புதன்கிழமை சாயங்காலமே ஆய்வுக்கூடத்தைக் கழுவினாள். மைக்ராஸ்கோப்புக்குப் பொட்டு வைத்தாள், மூன்று தொட்டிகளுக்கும் வைத்தாள். ஃப்ரீசருக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, மல்லிகைச் சரம் போட்டாள். வருஷம் பூரா ஓடுகிற ஒரே மெஷின் அதுதான், நல்ல காரியம் தொடங்கப்போகிற நேரத்தில் அதற்கு மட்டும் ஓய்வு இல்லையா என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. விவரம் இல்லாமல் செய்யவில்லை. ஐஸ் பாளங்களை வாங்கி வந்து உள்ளே நிறைய அடுக்கினாள். கரண்ட் போகிற நாளில் தாங்குகிற ஐஸ் இதற்கும் தாங்கும் என்பது அவள் கணக்கு. பிறகு கஜபதி செய்கிற மாதிரியே சுவிட்சை அணைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை விஜயதசமி. விடிந்ததும் கற்பூரத்தோடு போனாள். கல்லூரி கேட் பூட்டியிருந்தது. அடுத்து சனி, ஞாயிறு என்று சேர்ந்தாற்போல விடுமுறை வந்ததால், வாட்ச்மேன் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு சொந்த ஊருக்குப் போய்விட்டான். அவன் வீட்டுக்கு ஓடினாள், அங்கேயும் பூட்டு. பிரின்சிபால் சிட்டிக்குள் எங்கேயோ இருந்தார், எங்கே என்று அவளுக்குத் தெரியாது. என்னிடம் வந்திருக்கலாம். பயத்தில் வரவில்லை. அந்த கேட்டுக்கு வெளியிலேயே உட்கார்ந்துவிட்டு எழுந்து போயிருக்கிறாள். மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும் அப்படியே.

திங்கட்கிழமை காலையில் இவர் சென்ட்ரலில் இறங்கி, என்சைம் வைத்த பிளாஸ்க்கோடு நேராகக் கல்லூரிக்குப் போயிருக்கிறார். ஆய்வுக்கூடக் கதவைத் திறந்தபோதே நாற்றம். ஃப்ரீசர் மேல் மல்லிகை வாடிக் கிடந்தது. உள்ளே தண்ணீர் நின்றது, அதில் குழாய்கள் மிதந்தன. மூடி கழன்றது பாதி, கழலாதது பாதி. ஏழெட்டு மழைக்காலத்து ரத்தம்.

அன்று சாயங்காலம் பூங்காவனம் எங்கள் வீட்டு கேட்டுக்கு வெளியே வந்து நின்றாள். எனக்கு அப்போதுதான் விஷயம் தெரிந்திருந்தது. வாசலுக்குப் போனேன்.

"இன்னாடி பண்ணி வச்சிருக்கற? இந்த மனுசன் தின்னாம தூங்காம சேத்து வச்சத ஒரே நாள்ல சாக்கடை ஆக்கிட்டியே. மெஷினுக்கு ஓய்வு குடுக்கறாளாம் ஓய்வு. உன்ன யாரு கேட்டா?"

அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு சொன்னாள்:

"அவரு இன்னொரு தபா செத்துட்டாரு டீச்சரம்மா. இந்தத் தபா நானே கொன்னுட்டேன்."

இவர் உள்ளேயிருந்து வந்து அவளைப் பார்த்தார்.

"நாளைக்கு வேலைக்கு வந்துடும்மா. ஃப்ரீசரக் கழுவணும்" என்றார்.

அதற்குப் பிறகு வாரக்கணக்கில் அந்தக் குழாய்களோடு போராடினார். மூன்று தொட்டிக்கும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். அழுகிப்போனதிலிருந்து எதுவும் கிடைக்கவில்லை. கஜபதியின் குழாயைக் கடைசி வரைக்கும் விடவில்லை. அதிலும் ஒன்றும் வரவில்லை. அவர் தலை அந்த ஒரு மாதத்தில்தான் நரைத்தது என்று நான் சொல்வேன். அவரைக் கேட்டால், ஏற்கெனவே நரைத்திருக்கலாம் என்பார்.

அந்தத் தை மாதம் ராணிக்கு ஒரு வரன் வந்தது. திருநின்றவூர்க்காரர்கள். மாப்பிள்ளை நல்ல பையன், ராணியைப் பிடித்திருந்தது, அவளுக்கும் பிடித்திருந்தது. மாப்பிள்ளையின் அம்மா பஞ்சவர்ணத்தின் காதில் கஜபதியின் அண்ணன் போய் ஓதிவிட்டார். தன் புருஷனையே குடியில் பறிகொடுத்தவள் பஞ்சவர்ணம். குடிகாரன் வீட்டில் சம்பந்தம் வேண்டவே வேண்டாம் என்றாள். பையன் பிடிவாதம் பிடித்ததால், ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து விசாரித்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்று சொல்லியனுப்பினாள்.

பூங்காவனம் இவரிடம் வந்தாள்.

"சார், உன் வார்த்தைக்குத்தான் மதிப்பு. மெஷினு பாத்துச்சி, காச்சல்தான்னு ஒரு வார்த்த சொல்லிடு சார்."

"பார்க்கலையேம்மா" என்றார்.

அவள் திரும்பிப் போய்விட்டாள். எனக்குத் தாங்கவில்லை. மேனாம்பேடு வந்துவிட்டது.

"ஒரு பொய் சொன்னா உன் நாக்கு அழுவிடுமா? அரிச்சந்திரன் வூட்டுப் பக்கத்து வூடா நீ? அந்தப் பொண்ணு வாழ்க்கை போவுது, நீ பார்க்கலையேம்மாங்கற."

"வசந்தா, அந்த மனுஷனைப் பத்தி ஏற்கெனவே ஒருத்தர் பொய் சொல்லிட்டார். அதுமேல இன்னொரு பொய்ய வைக்கச் சொல்றியா?" என்றார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். நானும் சாப்பிடவில்லை. கோபத்தில் சமைத்ததை யார் தின்பது?

மறுநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் பிரஷ்ஷும் கையுமாக அடுப்படிக்கு வந்தார்.

"அன்னைக்கு கஜபதியோட கால்வாயில யார் யார் இறங்கினாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது, பூங்காவனத்துக்குத் தெரியும். எல்லாரும் இன்னும் அதே தெருவில்தான் இருந்தார்கள். இவர் யோசித்தது இதுதான். எலிக்காய்ச்சல் வந்து பிழைத்தவன் உடம்பு அந்தக் கிருமியை லேசில் மறக்காது. ரத்தத்தில் அதற்கு எதிரான சத்து வருஷக்கணக்கில் தங்கியிருக்கும். அதைப் பார்க்கப் புது முறை எதுவும் வேண்டாம், பழைய மைக்ராஸ்கோப் போதும்.

கஸ்தூரியைக் கூட்டிக்கொண்டு கள்ளிக்குப்பம் போனோம். முதலில் கையை நீட்டியவர் ஜேம்ஸ். முன்பு கொத்தனார், இப்போது ஞாயிறுதோறும் ஜெபக்கூட்டம் நடத்துகிறவர்.

"கஜாவுக்கு வந்த அதே ஜொரம் எனுக்கும் வந்துச்சி சார். கர்த்தர் என்ன உட்டுட்டாரு. அவன ஏன் உடலன்னு இன்னிக்கும் கேட்டுகினுதான் கீறேன்" என்றார்.

இறங்கியவர்கள் எல்லாரும் வந்தார்கள். ஒருத்தர்கூட ஏன் என்று கேட்கவில்லை, கஜபதிக்காக என்று சொன்னதே போதுமாக இருந்தது. பிறகு இவர், அன்று இறங்காமல் கரையிலேயே நின்றவர்களின் ரத்தமும் வேண்டும் என்றார். ஒப்பிட்டுப் பார்க்காமல் எதையும் சொல்ல முடியாதாம். அதனால் கஜபதியின் அண்ணனும் சட்டைக் கையை மடக்க வேண்டி வந்தது. ஊசியைப் பார்த்ததும் அவருக்கு மயக்கம் வந்து பெஞ்சில் சாய்ந்துவிட்டார். எனக்கு உள்ளூரக் குளிர்ந்தது.

நகரத்தில் ஒரு ஆய்வுக்கூடத்தில் அந்தக் கிருமியை உயிரோடு வளர்த்து வைத்திருந்தார்கள். இவர் போய்க் கொஞ்சம் வாங்கி வந்து, ஒவ்வொருத்தர் ரத்தத்திலும் கலந்தார். அந்தக் கிருமிக்கு எதிரான சத்து இருந்தால் கிருமி ஒட்டிக் கொத்தாகிவிடுமாம். சனிக்கிழமை மதியம் என்னை மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். கறுப்பாக இருந்த வட்டத்தில் மெல்லிய வெள்ளை இழைகள் நெளிந்து நெளிந்து ஓடிக்கொண்டிருந்தன. அது அண்ணனுடைய ரத்தத்தில் கலந்தது. அடுத்து ஜேம்ஸுடையதை வைத்தார். அதில் ஒன்றுகூட ஓடவில்லை. எல்லா இழையும் ஒன்றோடொன்று ஒட்டிச் சிக்கு விழுந்து கிடந்தன. கால்வாயில் இறங்கியவர்களின் ரத்தத்தில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் அப்படித்தான். கரையில் நின்றவர்களுடையதில் ஒன்றில்கூட இல்லை. பூங்காவனமும் குனிந்து பார்த்தாள். அவளுக்கு என்ன புரிந்ததோ, இவர் முகத்தைப் பார்த்தாள். இவர் கண்ணாடித் தகடுகளைத் துடைத்து அடுக்கத் தொடங்கினார். நாளைக்குப் பஞ்சவர்ணத்தின் முன்னால் உட்கார்ந்துகொண்டு "இருக்கலாம்" என்று சொல்லித் தொலைத்தால் என்ன செய்வது?

ஞாயிற்றுக்கிழமை பூங்காவனத்தின் வீட்டில் பாய் விரித்திருந்தது. பஞ்சவர்ணம் மகனோடு வந்து உட்கார்ந்தாள். அண்ணன் பெரியவர் என்ற முறையில் நாற்காலியில் இருந்தார். ஜேம்ஸ் வாசல்படியில் நின்றார். ராணி உள்ளறைக் கதவுக்குப் பின்னால் இருந்தாள், அவள் பாவாடை ஓரம் மட்டும் தெரிந்தது.

"நான் சுத்தி வளைக்க மாட்டேன் சார். நீ அவரு ரத்தத்த பாத்தியா?" என்று பஞ்சவர்ணம் கேட்டாள்.

"இல்லம்மா. வச்சிருந்தேன், கெட்டுப்போச்சு" என்றார் இவர்.

பூங்காவனம் தலையைக் குனிந்துகொண்டாள். அண்ணன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

"ஆனா அன்னைக்கு அவர்கூட அதே தண்ணியில நின்னவங்க ரத்தத்தைப் பார்த்தேன். அவங்க உடம்புல எலிக்காய்ச்சல் வந்துபோன அடையாளம் இருக்கு. கரையில நின்னவங்க உடம்புல இல்ல. அவர் படுத்திருந்தப்ப நான் இதே வீட்டுல பார்த்திருக்கேன். கண்ணு சிவந்திருந்தது, கெண்டைக்கால் வலின்னு துடிச்சார். குடிச்சுச் சாகறவங்களுக்கு அப்படி வராதும்மா."

"அப்ப கஜபதி இன்னாத்துல செத்தாரு?"

"எலிக்காய்ச்சல்ல."

"நிச்சயமா சொல்றியா சார்?"

"நிச்சயமா சொல்றேன். இந்தத் தெரு முழுகாம இருக்கணும்னு தண்ணியில இறங்கினார், அதனால செத்தார்."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. என்னைப் பெண் கேட்டபோதுகூட வரவில்லை. பிறகு டி.என்.ஏ. மெஷின் வந்து, புதிதாக எடுத்த ரத்தத்தில் அதே கிருமியைக் காட்டி, பெரிய பத்திரிகையில் கட்டுரை வந்தது. அந்தக் கட்டுரையில்கூட "இருக்கலாம்" என்றுதான் எழுதினார். என் கண்ணில் நீர் வந்துவிட்டது, மறைக்கவும் தோன்றவில்லை.

அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஜேம்ஸ் விடவில்லை. "நீ கம்முனு குந்து அண்ணாத்தே. அன்னிக்குக் கரையில நின்னு பேசுனதே போதும்" என்றார்.

பஞ்சவர்ணம் மகன் முகத்தைப் பார்த்தாள். அவள் புருஷனை நினைத்துக்கொண்டாளோ என்னவோ. பிறகு, "பொண்ண வரச்சொல்லு" என்றாள்.

பூங்காவனம் எழுந்தாள். ராணியைக் கூப்பிடப் போகிறாள் என்று நினைத்தோம். அவள் இரும்புப் பெட்டியைத் திறந்தாள். பழைய புடவையைப் பிரித்து, கஜபதியின் படத்தை எடுத்துக்கொண்டு வந்து இவரிடம் நீட்டினாள். சுவரில் ஆணி இல்லை. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு ஆணி வந்தது, சுத்தி கிடைக்கவில்லை. இஞ்சி இடிக்கிற கல்லை வாங்கி இவரே அடித்தார். முதல் அடி ஆணியில் விழுந்தது, இரண்டாவது கட்டைவிரலில் விழுந்தது. விரலை வாயில் வைத்துக்கொண்டே மீதியை அடித்து முடித்தார். படம் கொஞ்சம் கோணலாகத்தான் நின்றது.

பூங்காவனம் சந்தனம் குழைத்துக்கொண்டு வந்தாள். ஃப்ரீசர் கதவில் பூசிய அதே விரலால் புருஷன் நெற்றியில் சந்தனம் வைத்தாள், அதன் நடுவில் குங்குமம் வைத்தாள். நாங்கள் அத்தனை பேர் நிற்பதையே மறந்து அவனிடம் பேசினாள்.

"இத்தினி வருசமா ஐஸ்லியே கெடந்தியே. இனிமேட்டு இங்கியே இரு."